கல்லுக்கும் சொந்த ஊர் உண்டு!

சித்திரை வெயில். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. அனல் பறக்கிறது!

இந்தியாவின் பல சமவெளிகளை ஒரு காலத்தில் பனிப்பாளம் மூடியிருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால், அது உண்மை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

திண்டுக்கல் பாறையைப் பனி கொண்டு வரவில்லை. அது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. ஆனால், பனியின் மேலேறி ஊர் விட்டு ஊர் வந்த கற்களும் உண்டு.

சலிக்காத பனி

ஆறு கல்லைச் சலித்துப் போடும். பெருங்கல் மேட்டிலேயே தங்கும். மணல் தூரம் போகும். வண்டல் இன்னும் தூரம் போகும்.

பனி அப்படி அல்ல. குண்டுக்கல், கூழாங்கல், களிமண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மெல்ல நகரும். உருகும்போது ஒரே குவியலாகப் போட்டுவிடும். உராய்ந்து வந்த கற்களில் கீறல்கள் இருக்கும்.

ஒடிசாவின் தால்சேரில் 1856-ல் இத்தகைய படிவை பிளான்போர்டு சகோதரர்கள் ஆராய்ந்தார்கள். இது பனியின் வேலை என்று கருதினார்கள்.

எந்த ஊர்ச் சரக்கு?

பனி உருகிவிட்டது. அது வந்த திசையை எப்படி அறிவது?

வெளியூரில் ஒரு மாங்காய்ப் பூட்டைக் கண்டால், "இது திண்டுக்கல் சரக்கு" என்று சொல்லிவிடலாம் அல்லவா? கல்லும் அப்படியே!

நார்வேயின் ஆஸ்லோ வட்டாரத்துக்கே உரிய ஒரு பாறை, கடலுக்கு இப்பால் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிடக்கிறது. பிற்காலத்துப் பனி சுமந்து வந்தது. இது நார்வேப் பனி போட்டது, அது ஸ்காட்லாந்துப் பனி போட்டது என்று கற்களை வைத்தே நிபுணர்கள் படிவுகளைப் பிரிக்கிறார்கள்.

தலைகீழ்ப் பயணம்

இப்போது பாகிஸ்தானில் உள்ள உப்பு மலைத்தொடரிலும் பழைய பனிப் படிவு உண்டு. அதில் ராஜஸ்தானின் மாளானி எரிமலைப் பாறையை ஒத்த கற்கள் கிடைத்தன. ராஜஸ்தான் இருப்பதோ தெற்கே! அப்படியானால், பனி தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கிறது.

வெப்ப நாட்டின் பக்கமிருந்து பனி வருமா?

வரும்! அன்று இந்தியா இந்த இடத்தில் இல்லை. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டு, பூமியின் தென்கோடியில் இருந்தது. பிறகு பிரிந்து வடக்கே நகர்ந்தது. அதற்குச் சாட்சி சொன்னவற்றுள் இந்தக் கற்களும் உண்டு.

பிறந்த இடத்திலேயே நிற்கும் திண்டுக்கல் பாறைகூட, நாட்டோடு சேர்ந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்ததுதான்!