சும்மா கிடக்கிற மாதங்கள்

இளவேனில் என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே மானாவாரிக் கரிசல். பங்குனி, சித்திரை என்று மாதத்தைச் சொல்வார்கள். இல்லையென்றால் ‘கோடை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வசந்தம் சினிமாப் பாட்டில்தான் வரும். (நானும் கல்லூரி மலரில் ‘வசந்தமே வா’ என்று எழுதியவன்தான். வாசகர்கள் மன்னிக்கவும்.)

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது இலக்கண ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் முல்லைக்குக் கார்காலம், பாலைக்கு வேனில். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியிலேயே ‘இளவேனிற் பத்து’ என்று ஒரு பத்து உண்டு. மாமரம் தளிர்க்கிறது, குயில் கூவுகிறது, வருவேன் என்று சொல்லிப் போனவன் மட்டும் வரவில்லை. ஆக, வசந்தம் என்றால் களிப்பு என்கிற சமன்பாடு நம் பழைய பிரதிகளில் அத்தனை எளிதாக இல்லை. அங்கே அது பாக்கி விழுந்த பருவம். கரிசல்காரனுக்கு இது உடனே புரியும். வெள்ளாமை முடிந்ததும் ஆம்பிளைகள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கிளம்புகிற மாதங்கள் இவைதாம்.

ஆனால் அந்தப் பிரதிகளிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. காத்திருந்த பெண் அந்த மாதங்களில் என்ன செய்துகொண்டிருந்தாள்? காத்திருத்தல் என்பது அவளது இருப்பாகவே கட்டமைக்கப்பட்டுவிடுகிறது. அவள் கை என்ன செய்தது என்பது பிரதிக்கு வெளியே போய்விடுகிறது.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வாத்தியார் வந்தார். பிப்ரவரிக் கடைசி, மாசி மாதம். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். அய்யா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “அவ என்னத்தச் செய்யுறா சார், வீட்லதான் சும்மா இருக்கா.” வாத்தியார் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இல்லை. புஞ்சையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷப் படிவத்தில் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் உழைப்பையும் சேர்த்துக் கேட்கும்படி வாசகத்தையே மாற்றியிருந்தார்கள். பெண்களின் உழைப்பு விட்டுப்போகக் கூடாது என்பதுதான் நோக்கம். படிவம் மாறியது; திண்ணை மாறவில்லை.

அந்தச் ‘சும்மா’வைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மாசி பங்குனியில் பருத்தி கடைசி எடுப்பு. வெடித்த காய் கொஞ்சம், முள்ளும் தூசும் அதிகம். அது முடிந்ததும் பருத்திமார் பிடுங்க வேண்டும். காய்ந்த கரிசல் வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். குனிந்து இரண்டு கையாலும் இழுத்தால் உள்ளங்கை உரிந்துவிடும். கட்டிச் சுமந்து வந்து படப்பாக அடுக்கினால் மழைக்காலம் வரை அடுப்பெரியும். வெயிலோடு வத்தல் காயப்போட வேண்டும். விதைக்கு எடுத்துவைத்த உளுந்தையும் பாசியையும் வண்டு விழாமல் காயவைத்துப் பானையில் அடைத்து மூட வேண்டும். கண்மாய் வற்றியதும் கரம்பை. வண்டி ஓட்டுவது அய்யா. கடகப்பெட்டியில் மண்ணை அள்ளி வண்டி நிரப்புவது அம்மாவும் அத்தையும். ‘அய்யா கரம்பை அடிச்சார்’ என்றுதான் ஊர் சொல்லும். நிலமில்லாத கீழத்தெருப் பெண்களுக்கு இவற்றோடு சீமைக் கருவேல் வெட்டும் கரிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். கண்ணும் மூச்சும் எரிய, பிரித்த கரியைப் பொறுக்கித் தரம் பிரிக்க வேண்டும். குடிதண்ணீருக்கு ஊத்தில் ராத்திரி முழுக்கக் காத்திருப்பது தனிக் கணக்கு.

சித்திரையில் பொன்னேர். மாட்டுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசி, நல்ல நேரம் பார்த்து ஏர்களை வரிசையாகக் கட்டி, பொதுவான ஒரு புஞ்சையில் உழுது நவதானியம் விதைப்பார்கள். இப்போது ஏர் போய் டிராக்டர் வரிசை. பத்திரிகைகள் இதை மண்ணின் மணம் என்று படம் போடுகின்றன. எனக்கும் அந்தக் காலை பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் நிலமுள்ளவர் பெயரில்தான் ஏர். மேழி பிடித்து நடந்த கீழத்தெருக்காரர் பெயர் அதில் இல்லை. பெண்கள் வருவது கடைசியில், திரும்பி வரும் ஆண்கள் மேல் மஞ்சத்தண்ணி ஊற்ற. விதையைக் காப்பாற்றி வைத்தவள் சடங்கில் வேடிக்கைக்காரி ஆகிறாள்.

நிபுணர்களின் மொழியும் சடங்கின் மொழியும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. மக்கள்தொகைக் கணக்கில் ஆண்டுக்கு 183 நாள் வேலை செய்தால்தான் ‘முதன்மை’த் தொழிலாளி. தேசிய மாதிரி ஆய்வில் 92, 93 என்று இரண்டு எண்கள் உண்டு. வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டுவேலையோடு விறகு, மாட்டுத்தீவனம் சேகரிப்பவர் 93. இரண்டு பேருமே உழைப்பாளர் தொகைக்கு வெளியே. அதாவது பருத்திமார் சுமந்தது தெரிந்திருக்கிறது, அதற்கென்று ஓர் எண்ணும் ஒதுக்கியாகிவிட்டது, பிறகு வெளியே வைத்தாகிவிட்டது. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தெரிந்துகொண்டே விலக்கும் சொல்லாடல் இது. அய்யாவின் ‘சும்மா’வுக்கும் 93க்கும் இடையில் உள்ள தூரம் ரொம்பக் குறைவு.

2008இல் நூறு நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. முதல் வேலையே கண்மாய் தூர்வாருதல். அம்மாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. அடையாள அட்டையில் பெயர், வருகைப் பதிவேட்டில் கைநாட்டு. நிலக்காரர்கள் “பொம்பளைகள்லாம் மரத்தடியில் சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறாளுக, களை வெட்ட ஆள் இல்ல” என்று புலம்ப ஆரம்பித்தார்கள். அதில் அய்யாவும் ஒருவர். அம்மா ஒருநாள் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“அப்பவும் இதே கண்மாய்தானே, இதே மண்ணுதானே. அன்னைக்கு எவன் எழுதினான்?”

அய்யா பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.