காளான் மாத்திரை நோயைத் தீர்க்குமா?

சம்பளம் போட்டதும் லயத்துப் பக்கம் காளான் மாத்திரை விற்க ஆள் வருவதுண்டு. "இதைச் சாப்பிட்டா எந்தச் சீக்கும் அண்டாது" என்பார். இதில் உண்மை எவ்வளவு?

காளானில் பீட்டா குளூக்கான் என்ற சத்து உண்டு. அது இரத்தத்தின் வெள்ளை அணுக்களைத் தூண்டுவது ஆய்வுக்கூடத்தில் கண்ட செய்திதான். ஷீத்தாக்கே காளானிலிருந்து ஜப்பானியர் 1969இல் பிரித்தெடுத்த லெண்டினான், 1985இல் அங்கே புற்றுநோய்க்குத் துணை மருந்தானது. ஆனால் அது டாக்டர் மற்ற மருந்தோடு சேர்த்துப் போடும் ஊசி. விழுங்கும் மாத்திரை அல்ல.

நம் காட்டுப் புலிப்பால் காளானை ஓராங் அஸ்லி மக்கள் இருமலுக்கும் இளைப்புக்கும் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். அதை நம்பி இனிப்புநீர் மருந்தையோ இரத்தக் கொதிப்பு மருந்தையோ நிறுத்தலாமா? கூடவே கூடாது! இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் லிங்ஸி சாப்பிடக்கூடாது. இரத்தக் கசிவு வரலாம்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் டப்பாவில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணும் 'நோய் தீரும்' என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சந்தையில் விற்கும் சிப்பிக் காளானிலும் அதே சத்து இருக்கிறது. பிரட்டிச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். சீக்கு வந்தால் மட்டும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.