மரப்படி ஏன் கிறீச்சிடுகிறது? எப்படிச் சீர்செய்வது?

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழைய தோட்ட பங்களாக்களில் மரப்படிகள் கிறீச்சிடுவதும், நடுவில் குழி விழுந்திருப்பதும் வழக்கம்.

ஏன்?

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பனியும் மழையுமான மாதங்களில் பலகை அகலவாட்டில் உப்பும். வறண்ட மாதங்களில் சுருங்கும். நீளவாட்டில் மாற்றம் மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் இந்த அசைவு தொடர்வதால் ஆணிகள் தளர்கின்றன. தளர்ந்த பலகை ஆணியோடும் அடுத்த பலகையோடும் உரசும்போதே சத்தம் எழுகிறது. நடுவில் குழி விழக் காரணம், எல்லோரும் அங்கேயே மிதிப்பதுதான். செருப்பில் ஒட்டிவரும் மணல் மரத்தைவிடக் கடினமானது. ஒவ்வொரு மிதியிலும் அதைத் தேய்க்கிறது.

எப்படி?

முதலில் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் மரம் உக்கிவிட்டது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே கூரை ஒழுக்கை அடைத்த பின்பே படியில் கைவையுங்கள். தளர்ந்த பலகையை ஆணிக்குப் பதில் ஸ்குரூவால் இறுக்குங்கள். தேய்ந்த பலகை உறுதியாக இருந்தால், கழற்றிப் புரட்டிப் போடலாம்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். படிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், பூசிய துணியைக் குவித்து வைக்காதீர்கள், தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள்.

கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இடிக்கப்படாமல் 1996இல் ஹோட்டலானது. உங்கள் வீட்டுப் படியையும் பிடுங்கி எறியுமுன் சோதித்துப் பாருங்கள்.