தொட்டிக்குள் ஓர் ஓடை – 5
குளிர் கேட்டு மீன் வாங்குங்கள்

சென்ற வாரம் தொட்டியை நிரப்பி, பில்டரை ஓடவிட்டோம். மீன் கடைக்குப் போகுமுன் ஒரு வேலை பாக்கி. விடியப்புறம் ஐந்தரை மணிக்கு எழுந்து, தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். எந்த மீன் என்பதை அந்த இலக்கத்திடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,225, அப்புத்தளை 1,430. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவு வெப்பம் குறையும். கொழும்புப் பக்கத்து வெக்கையில் வளர்ந்த ஏஞ்சல் மீனை வாங்கி வந்து அப்புத்தளை லயத்துக் காம்பராவில் விட்டால், மார்கழி, தைக் குளிரில் அது இரை எடுக்காது. செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கும். சில நாளில் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளி. தகரக் கூரை பகலில் சூடேறி இரவில் சட்டென்று குளிர்வதால் சின்னத் தொட்டிக்குச் சோதனை இரட்டிப்பு.

ஹீட்டர் போடலாமே என்பீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி சுமார் 56 லீற்றர் பிடிக்கும். அதற்கு 50 வாற்று ஹீட்டர். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் மாதம் 18 யூனிட். மாதப் பாவனை 30, 60 என்ற எல்லைகளைத் தாண்டினால் பில் எப்படி ஏறும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். மழையில் கரண்ட் போனால் ஹீட்டரும் போச்சு.

ஆகவே குளிரைத் தாங்குகிற மீனே கெட்டிக்காரத்தனம். அப்புத்தளை உயரத்துக்கு முதல் தெரிவு வைட் கிளவுட். சீனாவின் குவாங்சோவுக்கு அருகிலுள்ள மலை ஓடை மீன். நான்கு சென்றிமீற்றர்தான் வளரும், 18 பாகையிலும் சுறுசுறுப்பு குறையாது. பண்டாரவளை, ஹாலிஎல பக்கத்தார் ஸீப்ரா டானியோ வளர்க்கலாம். 18 முதல் 25 பாகை வரை ஒத்துப்போகும். துள்ளி வெளியே விழும் பழக்கம் உண்டு, மூடி அவசியம். கோல்ட் ஃபிஷ் குளிரைத் தாங்கும். ஆனால் ஒரு சாணுக்கு வளர்ந்து, அழுக்கும் நிறையப் போடும். இரண்டடித் தொட்டி அதற்குக் காணாது.

பதுளை நகரத்தார் கொடுத்து வைத்தவர்கள். 23 பாகைக்குக் கீழே இறங்காத வீடானால் செரி பார்ப் வைக்கலாம். விலங்கியலாளர் தெரணியகல 1929இல் விவரித்த இந்தச் சிவப்பு மீனின் பிறப்பிடம் நம் நாட்டுத் தென்மேற்கு ஈரவலய ஓடைகள்தான். பண்ணையில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கப்பிக்குக் குளிரோடு தண்ணீரின் கடினமும் கணக்கு. வீட்டுக் கேத்தலின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர், கப்பிக்கு நல்லது. படிவே இல்லாத மென்னீரில் கப்பி நாளடைவில் மெலியும்.

தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளோரின் கிடையாது. நகரத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் வாளியில் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். ஆனால் பீலிக்கு மேலே தேயிலை மலை இருந்தால், மருந்தடிக்கிற நாள்களில் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். 1946இல் இலங்கைக்குள் வந்த கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்பு மருந்து கொழுந்தைக் காக்கும்; மீனையும் நத்தையையும் கொல்லும்.

எத்தனை மீன்? முதலில் ஆறே ஆறு, ஒரே இனம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பக்டீரியா பில்டரில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரையைக் குறைத்துப் போட்டு, அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு இன்னும் ஆறு.

‘பாசி தின்னும், தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று கடையில் விரலளவு சக்கர் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முழங்கை நீளம் தாண்டி வளர்கிற மீன் அது. வளர்ந்தபின் ஆற்றில் விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. இலங்கை நீர்நிலைகளில் அது ஏற்கெனவே தொல்லையாகிவிட்டது. பதுளு ஓயாவில் விட்டது மகாவலிக்குப் போகும். வாங்காமலிருப்பதே நல்லது.

ஒரு வாரம் காலையும் இரவும் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போய், வாங்கிய மீனைப் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.