இலவம் பஞ்சு: காயாக விற்றால் நட்டம்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு 1895இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீர் பாய்கிறது. அந்த நீர் ஏறாத மலையடிவாரங்களில் மானாவாரியாக நிற்கும் மரம் இலவம். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பக்கமும், வருசநாடு, கடமலைக்குண்டு பகுதியிலும் இதைத் தோப்பாகவே காணலாம். நட்ட நாலைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கினால், பேரன் காலத்திலும் பஞ்சு தரும்.

பராமரிப்பும் அதிகமில்லை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது புல்லுருவி. இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும் மாதங்களில், கிளையில் பச்சையாகத் தெரிவது அதுதான். அப்போதே கிளையோடு வெட்டி எறிவது நல்லது.

ஆனாலும் மரம் வைத்திருப்போர் சிலர், "வெட்டி விறகுக்குப் போடலாமா?" என்கிறார்கள். கோளாறு மரத்தில் இல்லை, மெத்தைக் கடையில் இருக்கிறது. ரப்பர் நுரையும் பாலியஸ்டர் பஞ்சும் வந்த பிறகு இலவம் மெத்தை பின்தங்கிவிட்டது. இலவு காத்த கிளிக்குப் பஞ்சு பறந்துபோனதுதான் மிச்சம். நம் விவசாயிக்குப் பஞ்சு கிடைக்கிறது, விலைதான் பறந்துபோகிறது. (பழந்தமிழர் கண்ட இலவு செம்மலர் பூக்கும் மரம். போடித் தோப்புகளில் நிற்பது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து பரவிய உறவு மரம்.)

இந்தப் பஞ்சின் குணம் அலாதியானது. ஒவ்வோர் இழையும் நுண்ணிய குழல். உள்ளே காற்று, வெளியே மெழுகுப் பூச்சு. வழுக்கும் குட்டை இழையாதலால் நூல் நூற்க எளிதில் வராது. ஆனால் எடை மிகக் குறைவு, தண்ணீரும் எளிதில் ஏறாது. அதனால்தான் கப்பலில் செல்வோரின் உயிர்காப்பு அங்கிகளில் ஒரு காலத்தில் இதை அடைத்தார்கள். 1942இல் ஜப்பான் ஜாவாத் தீவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வரத்து நின்றது. எருக்குக் குடும்பத்துக் காட்டுச் செடி ஒன்றின் காய்களைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு மூட்டை மூட்டையாகப் பொறுக்கி அந்நாடு சமாளித்தது. நம் தலைமாட்டில் கிடக்கும் சரக்குக்கு அத்தனை மதிப்பு!

பறிப்பு மாசி, பங்குனியில் தொடங்கும். பச்சை மாறிக் காய் பழுப்பேறும் பக்குவத்தில் பறிக்க வேண்டும். பிஞ்சைத் தட்டினால் பஞ்சு தேறாது. வெடிக்க விட்டாலோ காற்றுக்குத்தான் லாபம். கோடை மழையில் ஒரு முறை நனைந்தாலும் நிறம் கெடும். ஆகவே வானத்தைப் பார்த்துக் காய வைத்து, மூட்டையை மேடான இடத்தில் அடுக்கவும்.

காயின் எடையில் பஞ்சு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மீதி ஓடும் கொட்டையும். மரத்தில் காய் இருக்கும்போதே மொத்தமாகப் பேசி விற்பவர், எவ்வளவு பஞ்சு கொடுத்தோம் என்பதையே அறிவதில்லை. கொட்டையையும் கணக்கின்றிக் கொடுத்துவிடுகிறார். கொட்டையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் எண்ணெய் உண்டு. அது சோப்புக்கு ஆகும், புண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். நாலு பேர் சேர்ந்து களத்தில் வலை கட்டிக் காய் உடைத்து, கொட்டை நீக்கிய பஞ்சாக விற்பதே மேல். கூலி போனாலும் எடையும் தரமும் நம் கையில் இருக்கும். உடைப்பவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. களத்துப் பக்கம் பீடியும் கூடாது. பொறி பட்டால் மூட்டை மிஞ்சாது.

இலவத்தின் பெயரைக் கெடுப்பது கலப்படம். கழிவுப் பஞ்சையும் பாலியஸ்டரையும் கலந்து, "சுத்த இலவம்" என்று தலையணை தைத்தால், வாங்கியவர் மறுமுறை வருவாரா? சோதிப்பது சுலபம். ஒரு சிட்டிகை பஞ்சை வெளியே கொண்டுபோய், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். இலவம் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் மணி போலக் கட்டி நிற்கும்.