பாலையும் கடலும் தொடும் குதிரைப் பயணம்

நுழையும்முன்

பயணம் மனிதருக்குப் புதிய நிலங்களை அறிமுகப்படுத்துகிறது. அந்நிலங்களை ஊர்தியின் சாளரம் வழியாகக் காண்பது ஒருவகை அனுபவம். ஓர் உயிரின் முதுகில் அமர்ந்து, அதன் நடையையும் மூச்சையும் உணர்ந்தபடி காண்பது வேறுவகை அனுபவம். எகிப்து நாட்டின் செங்கடற்கரைக்கு விடுமுறையைக் கழிக்க வருவோர், வழிகாட்டியின் துணையுடன் குதிரையேறிப் பாலையிலும் கடலோரத்திலும் உலா வருகின்றனர். அவ்வுலா நடைபெறும் முறையையும், அதில் குதிரையின் நலன் பெறும் இடத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

பாலையை அடுத்து நெய்தல்

ஐந்திணைகளுள் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டு திரிந்த நிலையே பாலை என்பது தமிழ் மரபு. எகிப்தின் கிழக்குப் பகுதியிலோ பாலை நிலையானது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அங்குச் சில மில்லிமீட்டர் அளவே. நைல் ஆற்றுக்கும் செங்கடலுக்கும் இடையே விரிந்துள்ள இந்நிலப்பகுதி கிழக்குப் பாலைவனம் எனப்படுகிறது. அதன் கிழக்கு விளிம்பில் கரும்பாறை மலைகள் நீண்டு கிடக்கின்றன. மலைகளுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய சமவெளி ஒன்று உண்டு. ஹுர்காதா, சஃபாகா, குசைர், மர்சா ஆலம் ஆகிய ஊர்கள் இச்சமவெளியில் அமைந்துள்ளன. பாலையும் நெய்தலும் இடைவெளியின்றி அடுத்தடுத்து அமைந்திருப்பதால், குதிரையேறிச் செல்பவர் காலைப் பொழுது ஒன்றிலேயே இரண்டையும் காண முடிகிறது.

பாலை என்றவுடன் அலையலையாக எழும் மணற்குன்றுகளே நம் நினைவுக்கு வரும். கிழக்குப் பாலைவனத்தின் பெரும்பகுதி அத்தகையதன்று. அது சரளைக்கற்கள் பரவிய வெளியாகவும், நீர் வற்றிய ஆற்றுப் படுகைகளாகவும் காட்சியளிக்கிறது. இப்படுகைகளை அரபு மொழியில் ‘வாதி’ என்பர். தொலைவில் உள்ள மலையில் அரிதாகப் பெய்யும் மழையும் வாதியில் திடீர் வெள்ளத்தைக் கொண்டுவரக்கூடும். ஆகவே, வானத்தின் நிலையை அறிந்த பின்னரே வழிகாட்டிகள் குதிரைகளை வாதிக்குள் இறக்குகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

செங்கடற்கரை தமிழருக்குப் புதியதன்று. குசைர் நகருக்கு வடக்கே உள்ள குசைர் அல்-கதிம் என்னும் பழந்துறைமுகத்தில் நிகழ்ந்த அகழாய்வுகளில் தமிழ்-பிராமி எழுத்துகள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்னும் பெயர்களும், ‘பானை ஒறி’ என்னும் சொற்களும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையானவை. அக்காலத்தில் இக்கரையில் இறங்கிய சரக்குகள் ஒட்டகங்களின் மீது ஏற்றப்பட்டு, கிழக்குப் பாலைவனத்தைக் கடந்து நைல் ஆற்றங்கரையை அடைந்தன.

புறப்படுவதற்கு முன்

செங்கடற்கரையில் குதிரை உலா பெரும்பாலும் விடியற்காலையிலோ மாலையிலோ தொடங்கும். கோடைக்கால நண்பகலில் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடப்பதால், அப்பொழுது குதிரையை வெளியே கொண்டுசெல்வது அதன் உயிருக்கே தீங்காகலாம்.

இலாயத்திற்கு வரும் பயணியிடம் பொறுப்புள்ள வழிகாட்டி முதலில் சில வினாக்களைக் கேட்பார். முன்னர்க் குதிரை ஏறியதுண்டா, உடல் எடை எவ்வளவு, அச்சம் உண்டா என்பனவே அவ்வினாக்கள். இவற்றுள் எடை குறித்த வினா சிலருக்குக் கூச்சம் தரலாம். ஆயினும், குதிரையைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான வினாவாகும். குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் சுமத்தலாகாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். இங்குள்ள அரபு இனக் குதிரைகளும் அவற்றின் கலப்பினங்களும் உருவில் பெரியவை அல்ல. 400 கிலோ எடையுள்ள குதிரை, சேணத்தையும் சேர்த்து 80 கிலோ வரையே சுமக்கலாம். சேணத்தின் எடை 10 கிலோ எனில், ஏறுபவரின் எடை 70 கிலோவைத் தாண்டக் கூடாது. வெப்பம் மிகுந்த நாளில் இவ்வளவையும் குறைத்துக்கொள்வதே நன்று.

அடுத்து, பயணிக்குத் தலைக்கவசம் அணிவிக்கப்படுகிறது. குதிரையின் இடப்பக்கமாக அணுகி, அங்கவடியில் கால் வைத்து ஏறும் முறை கற்பிக்கப்படுகிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளமையால், அது தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ முழுமையாகக் காண வல்லது. எனினும், மூக்கிற்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் உள்ள சிறு பகுதிகள் அதற்குத் தெரிவதில்லை. பின்புறமாக நெருங்குபவரைக் குதிரை உதைப்பது சினத்தால் அன்று. காணாத ஒன்றின்மீது கொண்ட அச்சத்தாலேயே ஆகும்.

பாலையில் ஒரு வரிசை

குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையே ஒரு குதிரையின் நீளம் இடைவெளி விட்டுச் செல்கின்றன. வழிகாட்டி முன்னே செல்ல, அவருடைய உதவியாளர் இறுதியில் வருகிறார். குதிரை கூட்டமாக வாழும் இயல்புடையது. ஆபத்தை உணர்ந்தால் ஓடித் தப்பும் இயல்புடையது. ஒரு குதிரை மிரண்டால் மற்றவையும் மிரளக்கூடும். இதனால், வயது முதிர்ந்த அமைதியான குதிரையே வரிசையின் தலைமையை ஏற்கிறது.

முதல் பத்து நிமிடங்கள் மெல்லிய நடை மட்டுமே. தசைகளும் மூட்டுகளும் இளகுவதற்கு அது தேவை. சரளைக்கல் பரவிய இடங்களில் ஓட்டம் தவிர்க்கப்படுகிறது. ஒரு கல் குளம்பில் சிக்கினாலும் குதிரை நொண்டத் தொடங்கும். ஆழமான உலர்மணலிலும் அவ்வாறே. கால் புதையும் மணலில் ஓடும் குதிரையின் கால் தசைநாண்கள் மிகுதியாக இழுபட்டுச் சேதமடையும். காட்சிக்கு மென்மையாகத் தோன்றும் மணல், குதிரையின் காலுக்குக் கடினமான தளமாகும்.

வழிகாட்டியின் பார்வை வழியின் மீது மட்டுமன்றி, குதிரைகளின் செவிகள் மீதும் இருக்கும். முன்னோக்கி நிற்கும் செவி ஆர்வத்தைக் காட்டும். பின்னோக்கித் தலையோடு ஒட்டிய செவி எரிச்சலையோ வலியையோ அறிவிக்கும். பயணி கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் குதிரையின் வாய் நோகும். புதியவர் பலர் அச்சத்தால் இத்தவற்றைச் செய்வர். அப்பொழுது வழிகாட்டி, கையைத் தளர்த்திப் பிடரிமயிரைப் பற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறார்.

கடலோரத்தில்

சமவெளியின் மேட்டைக் கடந்ததும் செங்கடல் புலப்படுகிறது. வெப்பநிலத்தைக் கடந்து வந்தவர் முகத்தில் கடற்காற்று படும்பொழுது பெறும் மகிழ்ச்சி தனியானது. அலை தொட்டுச் சென்ற ஈரமணல் இறுகியும், ஓரளவு நெகிழ்ந்தும் இருப்பதால் குதிரையின் குளம்பிற்கு அது ஏற்ற தளம். பயிற்சி உடையோர் இங்கேதான் சிறு ஓட்டத்திற்கும் பாய்ச்சலுக்கும் அனுமதிக்கப்படுகின்றனர். புதியவர்கள் நடையிலேயே தொடர்கின்றனர்.

கடலை முதன்முறை காணும் குதிரை, அசையும் அலைநுரையைக் கண்டு பின்வாங்கும். அதனை அடித்து விரட்டி நீருக்குள் செலுத்துவது அதன் அச்சத்தை மிகுதிப்படுத்தும். பழகிய குதிரை முன்னே செல்ல, புதியது தானாகப் பின்தொடரும்வரை காத்திருப்பதே சிறந்த முறை. ஆழ்ந்த நீரில் இறங்குவதாயின் சேணம் கழற்றப்படுகிறது. நீந்தும் குதிரையின் தலை தடையின்றி இருத்தல் வேண்டும் என்பதால், கடிவாளத்தை இழுத்தல் கூடாது.

இக்கரையின் பல இடங்களில் பவளத்திட்டுகள் கரையை ஒட்டியே வளர்ந்துள்ளன. குளம்பு பட்டால் பவளம் நொறுங்கும். பவளத்தின் கூர்முனை குதிரையின் காலையும் கிழிக்கும். ஆதலால், அடியில் மணல் மட்டுமே உள்ள இடத்தை அறிந்தே குதிரைகளை நீரில் இறக்குகின்றனர். இலாயம் திரும்பிய பின் நன்னீரால் குதிரையைக் கழுவுதல் இன்றியமையாதது. உடலில் தங்கும் உப்பு, சேணப்பட்டையின் கீழ் தோலை உராய்ந்து புண்ணாக்கும்.

திரும்பும் வழியில் குதிரைகள் தாமாகவே விரைய முற்படும். இலாயமும் தீவனமும் நீரும் அங்கே உள்ளன என்பதை அவை அறியும். ஆயினும், வழிகாட்டி அவற்றை ஓட விடுவதில்லை. இறுதிப் பகுதியை நடையாகக் கடந்தால்தான் குதிரையின் உடல்வெப்பமும் மூச்சும் தணியும்.

ஒரு வாளி நீரின் மதிப்பு

வேலை செய்யாத நாளிலும் ஒரு குதிரைக்கு 25 லிட்டருக்குக் குறையாத நீர் தேவைப்படுகிறது. வெப்பத்தில் உழைக்கும் நாளில் இத்தேவை பன்மடங்கு உயரும். குதிரையின் வியர்வையில் நீருடன் உப்புகளும் பெருமளவில் வெளியேறுகின்றன. அவற்றை ஈடுசெய்ய உப்புக்கட்டியை நக்கக் கொடுப்பது வழக்கம்.

செங்கடற்கரை ஊர்களில் ஆறு இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கியும், நைல் நீரைக் குழாய்வழிக் கொணர்ந்தும் தேவையை நிறைவு செய்கின்றனர். பெர்சீம் எனப்படும் பசுந்தீவனமும் நைல் பள்ளத்தாக்கின் வயல்களிலிருந்தே வர வேண்டும். தீவனத்தை வெறும் மணலில் இட்டால், குதிரை அதனுடன் மணலையும் விழுங்கும். மணல் குடலில் தங்கிக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால், இந்நோய் உயிரையும் பறிக்கலாம். தீவனத்தைத் தொட்டியில் இடுதல் என்னும் எளிய செயல் ஓர் உயிரைக் காக்கிறது.

குதிரையைப் பேணும் அறிவின்றி அதனை வைத்திருப்பதால் விளையும் கேட்டை வரலாறும் காட்டுகிறது. பாண்டிய நாட்டிற்கு ஆண்டுதோறும் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கின என்றும், அவற்றுக்கு வேகவைத்த அரிசியும் இறைச்சியும் கொடுக்கப்பட்டன என்றும், பேணும் முறை அறியாமையால் அவை மடிந்தன என்றும் 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார்.

முதியோர் குதிரைகளுக்கு ஒரு குரல்

எகிப்தின் அண்மைக்கால வரலாற்றிலும் இத்தகைய நிகழ்வு ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையில் பணியாற்றிய ஆயிரக்கணக்கான குதிரைகள், போர் முடிந்தபின் தாயகம் திரும்பாமல் எகிப்திலேயே விற்கப்பட்டன. கெய்ரோ நகரின் தெருக்களில் அவை பாரவண்டி இழுத்தன. 1930ஆம் ஆண்டு அங்கு வந்த டொரத்தி புரூக் என்னும் பெண்மணி, எலும்பும் தோலுமாய் நின்ற அம்முதிய குதிரைகளைக் கண்டு வருந்தினார். 1931இல் இங்கிலாந்தின் நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய மடல் மக்களின் நெஞ்சைத் தொட்டது. திரண்ட நன்கொடையைக் கொண்டு, மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5000 குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை குணப்படுத்த இயலாத நிலையில் இருந்தன. அவற்றுக்குச் சில நாள் ஓய்வும் நல்லுணவும் அளித்து, வலியற்ற முடிவைத் தந்தார்.

குதிரைகளை அந்நிலைக்கு ஆளாக்கிய உரிமையாளர்களை டொரத்தி பழித்து ஒதுக்கவில்லை. அவர்களும் வறியவர்கள், அவ்வுயிரின் உழைப்பே அவர்களுடைய குடும்பத்தின் உணவு. இதனை உணர்ந்து, 1934இல் கெய்ரோவில் உழைக்கும் விலங்குகளுக்கென இலவச மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அன்று தொடங்கிய அப்பணி இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் பரவியுள்ளது.

பயணியின் பொறுப்பு

இக்காலத்தில் சுற்றுலாவில் உழைக்கும் குதிரைக்கும் இதே நிலை பொருந்தும். குதிரைக்கு ஒருநாள் ஓய்வளித்தால் அதனை நம்பியிருப்பவர்க்கு ஒருநாள் வருவாய் குறைகிறது. மிகக் குறைந்த கட்டணத்தை நாடும் பயணி, தான் அறியாமலேயே அவ்வோய்வைப் பறித்துவிடுகிறார். ஆகவே, குதிரையின் நலன் வழிகாட்டியின் கையில் மட்டும் இல்லை. பயணியின் கையிலும் உள்ளது.

ஏறுவதற்கு முன் பயணி சிலவற்றை நோக்கலாம். குதிரைக்கு நிழலும் நீரும் உள்ளனவா? சேணத்தின் கீழும் வாயோரத்திலும் புண் உள்ளதா? நான்கு கால்களையும் சீராக ஊன்றி நடக்கிறதா? கழுத்துத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலையை அடைகிறதா? தோல் மெதுவாகத் திரும்பினால் குதிரையின் உடலில் நீர் குறைந்துள்ளது என்று பொருள். இவற்றுள் குறை காணப்பட்டால், வேறு குதிரையைக் கேட்பதற்கோ உலாவைத் தவிர்ப்பதற்கோ தயங்க வேண்டியதில்லை.

உலா முடிந்து இறங்கியவுடன் நல்ல வழிகாட்டி முதலில் சேணப்பட்டையைத் தளர்த்துவார். பின்னர்க் குதிரையை நிழலுக்கு நடத்திச் சென்று நீர் காட்டுவார். பயணிகளுடன் பேசுவதும் படம் எடுத்துக்கொள்வதும் அதன் பிறகே. அவ்விலாயத்தில் குதிரைகள் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதை அறிய, அச்சில நிமிடங்கள் காத்திருந்து காண்பதே போதுமானது.