அமைச்சர் சொன்ன வெந்நீர்

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் 3 லட்சம் பேருக்கு மேல் போய்வந்த எல்லை ஒரே இரவில் அடங்கிப்போனது. பத்து நாள் கூட ஆகவில்லை, அதே ஜொகூர் மாநிலத்தில் சிம்பாங் ரெங்கம் அருகே இரண்டு கம்பங்களுக்குள் (கிராமங்களுக்குள்) யாரும் போகவும் கூடாது, வரவும் கூடாது என்று அடைத்தார்கள். நாட்டிலேயே அப்படி அடைபட்ட முதல் இடம் அதுதான்.

அந்த மாதத்தில்தான் சுகாதார அமைச்சர் டாக்டர் அடாம் பாபா அரசுத் தொலைக்காட்சியில் ஒரு வழி சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் கிருமி தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்கிவிடும், அங்கே அமிலம் அதைத் தீர்த்துக்கட்டிவிடும் என்றார். ஜொகூரின் தெங்காரா தொகுதிக்கு அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர், படித்தது மருத்துவம். கொரோனா கிருமியோ மூக்கிலும் தொண்டையிலும் உள்ள உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகுவது. குடிக்கிற தண்ணீர் அதை அலசிக்கொண்டு போகாது. அடுத்த மாதம் 500 நாடுகளோடு காணொளிக் கூட்டம் நடத்தியதாகவும் சொன்னார். ஐ.நா. சபையின் உறுப்பு நாடுகள் 193. மிச்சமிருந்த 307 நாடுகளைத் தேடி மலேசியர்கள் கைப்பேசியில் புறப்பட்டுவிட்டார்கள். (2021 ஆகஸ்டில் அமைச்சரவை மாறியபோது அவருக்குக் கிடைத்த இலாகா அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கம். இதற்கு மேல் கேலிச்சித்திரக்காரர் என்னத்தை வரைவது?)

சாவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள் இதற்கு எப்படிச் சிரித்தன? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஏதோ ஒன்று முறை தவறியதாகத் தோன்ற வேண்டும். அதே கணத்தில் அதனால் நமக்குக் கேடில்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு வரும். ஒன்று குறைந்தாலும் வராது. நண்பன் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கிறோம், முன்பின் தெரியாதவன் மூட்டினால் கத்துகிறோம், நமக்கு நாமே மூட்டிக்கொண்டால் ஒன்றும் ஆவதில்லை. அமைச்சர் ஏதாவது ஒரு மாத்திரையின் பெயரைத் தப்பாகச் சொல்லியிருந்தால் நாம் பயந்திருப்போம். எந்தப் பாட்டியும் சொல்லக்கூடிய வெந்நீரைச் சொன்னதால் பயம் சிரிப்பாகிவிட்டது என்று எனக்குப் படுகிறது.

கேடில்லை என்ற உணர்வு காலத்தையும் தூரத்தையும் பொறுத்தது. 2012 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலை வைத்து மெக்ரா குழு இதை அளந்தது. புயலைக் கேலி செய்யும் வரிகளை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஆட்களிடம் காட்டி, எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். புயல் கரையைத் தொடும் முன்பு அந்த வரிகள் வேடிக்கையாகத்தான் இருந்தன. அழிவு தெரியத் தெரிய மதிப்பெண் சரிந்தது. பிறகு ஏறி 36ஆம் நாளில் உச்சம் தொட்டது. 99ஆம் நாளில் மறுபடி இறங்கிவிட்டது. அதற்குள் புயலே பழங்கதை. ஆக, துயரத்தைக் கேலி செய்ய ஒரு பருவம் உண்டு. ஆளுக்கு ஆள் அது மாறும். வெந்நீர்க் கேலி ஜொகூர் பாரு அடுக்குமாடியில் கிடந்தவருக்கு இனித்திருக்கும். அடைபட்ட கம்பத்துக்குள் காய்ச்சலோடு படுத்திருந்தவருக்கு?

சிரிப்புக்கு உடம்பிலும் வேலை இருக்கிறது. ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பார் குழு சிலரைக் கூட்டமாக உட்காரவைத்து நகைச்சுவைப் படம் காட்டியது. முன்னும் பின்னும் அவர்கள் கையில் உறையவைத்த குளிர் உறையை மாட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தது. வாய்விட்டுச் சிரித்தவர்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள். மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் வலியை மட்டுப்படுத்துகிறது என்பது அவர்களின் விளக்கம். தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் புரோவைன் முன்பே கணக்கிட்டிருந்தார். வீட்டோடு அடைபட்ட காலத்தில் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் கேலிப்படங்கள் அப்படிக் கொட்டியதன் காரணம் இதுவாக இருக்கலாம். படத்தை அனுப்பும்போது நகைச்சுவையோடு ஒரு கேள்வியும் சேர்ந்து போகிறது: நீயும் பார்த்தாயா?

எல்லாக் கேலியும் ஒன்றல்ல. ஆண்ட்ரியா சாம்சன், ஜேம்ஸ் கிராஸ் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி, அவற்றைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நல்ல மனத்தோடு சிரித்தவர்களின் கலக்கம் நன்றாகக் குறைந்தது. குரூரமாகக் கிண்டலடித்தவர்களுக்கு அவ்வளவு பலனில்லை. 1979இல் வந்த ‘கம்போங் பாய்’ நூலின் ஓவியர் லாட்டை மூன்று இனத்தாரும் சொந்தக்காரர் போல நேசிப்பதற்கு இதில் பாதி விளக்கம் கிடைக்கிறது. அவர் யாரையும் குத்துவதில்லை. ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 1939இல் தொடங்கிய ‘உத்துசான் ஸமான்’ இதழின் வாக் கெத்தோக் பாத்திரமும் மலாய்க்காரர்கள் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரிக்க உருவானது. அப்துல் ரஹிம் காஜாய் சொல்ல அலி சனாட் வரைந்தார்.

ஆறுதலுக்கு ஒரு விலையும் உண்டு. டொராண்டோவின் பிரெட் ஃபோர்டும் உடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்கர்களிடம் நாள்தோறும் குறிப்பெடுக்கச் சொல்லி 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அரசியல் செய்தி பெரும்பாலும் மனத்தைக் கெடுத்தது. கவனத்தைத் திருப்பியோ வேறு கோணத்தில் பார்த்தோ சமாளித்தவர்களுக்கு மனம் தேறியது, ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகமும் அவர்களிடம் குறைந்தது. சிரிப்பும் இந்தச் சமாளிப்பில் சேரும் என்பது என் கணிப்பு. அமைச்சரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தூங்கப் போகிறவனால் அமைச்சருக்கு ஒரு தொல்லையும் இல்லை.

அப்படியானால் அதிகாரத்தில் இருப்பவர்கள் ஏன் பதறுகிறார்கள்? முகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1982இல் சூசன் பிரென்னன் கேலிச்சித்திரம் வரையும் கணினி நிரல் ஒன்றை உருவாக்கினார். பல முகங்களின் சராசரியை எடுத்து, ஒருவர் அதிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறாரோ அதை அது மிகைப்படுத்தும். 1987இல் கில்லியன் ரோட்ஸ் அந்த நிரலால் வரைந்த படங்களைச் சோதித்தபோது, தெரிந்தவர்களின் அச்சுஅசலான கோட்டோவியத்தைவிட மிகைப்படுத்திய படத்தை மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். 2006இல் ஆய்வாளர்கள் குரங்குகளின் மூளையிலும் இதைப் போன்றதைக் கண்டார்கள்: முகம் சராசரியிலிருந்து விலக விலக முகமறியும் நரம்பணுக்கள் இன்னும் பலமாகத் துடித்தன. அரசு அலுவலகச் சுவரில் தொங்கும் தலைவர் படம் சுருக்கமும் மருவும் நீக்கப்பட்டுச் சராசரியை நோக்கி நகர்ந்தது. கேலிச்சித்திரக்காரர் அதே முகத்தை எதிர்ப்பக்கம் இழுக்கிறார். மூளை அவர் கட்சி.

2016 ஜனவரியில் மலேசிய ஓவியர் ஃபாஹ்மி ரெசா அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கின் முகத்துக்கு வெள்ளைப் பூச்சும் வளைந்த புருவமும் சிவந்த வாயும் போட்டுக் கோமாளியாக்கி வெளியிட்டார். கண்காணிக்கிறோம் என்று காவல்துறை எச்சரித்ததும் மற்ற ஓவியர்கள் ஆளுக்கொரு கோமாளி நஜிப்பை வரைந்து வெளியிட்டார்கள். கேலிச்சித்திரக்காரர் ஸுனார் மீது 2015இல் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆட்சி மாறிய பிறகு, 2018 ஜூலையில் அவை கைவிடப்பட்டன. ஃபாஹ்மிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மே மாதத் தேர்தலில் நஜிப் ஆட்சியை இழந்தார். நவம்பரில் உயர்நீதிமன்றம் சிறையை நீக்கியது, அபராதத்தை 10,000 ஆக்கியது, குற்றவாளி என்ற தீர்ப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.